வறுக்கப் போட்டது வதங்கிப் போச்சா? தண்ணீர் கெடுத்த சமையல்கள்

தட்டைக்கரண்டி:

இந்தத் திரியில் ஒரே ஒரு விஷயம்தான்: தண்ணீரால் கெட்ட சமையல். கூடிப்போனது, குறைந்துபோனது, வெளியேற வேண்டிய நேரத்தில் வெளியேறாமல் வாணலியிலேயே தங்கியது, எல்லாம் இதில் சேரும். எந்தக் கட்டத்தில் பிசகியது, எந்த அளவில் சரியானது என்று எழுதுங்கள். "தேவையான அளவு" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். கிராமும் நிமிடமும் வேண்டும்.

உருளைக்கிழங்கு வறுவலில் தொடங்குகிறேன். அரை கிலோ கிழங்கு, ஒன்றரை செ.மீ. துண்டுகள், மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய். வெட்டிய கையோடு வாணலியில் கொட்டினால், வெட்டுவாயில் கசிந்திருக்கும் மாவு சூட்டில் பசையாகி அடியில் பிடித்துக்கொள்ளும். கரண்டியை விட்டுச் சுரண்டினால் பொன்னிறமான பக்கம் வாணலியோடு போய்விடும், கிழங்கு மொட்டையாக மேலே வரும். உள்ளே வேகட்டும் என்று மூடினால் மூடியில் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாகத் திரும்ப விழும். வறுவல் போய் வெந்த கிழங்கு மிஞ்சும்.

மேல்பக்கத்தில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறமும் வறுத்த மணமும் நன்றாக வருவதற்குச் சுமார் 140 டிகிரி வேண்டும். முதலில் ஈரம் போனால்தான் பிறகு வறுவல்.

துண்டுகளைத் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். பச்சைத் தண்ணீரிலேயே போட்டு, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்புடன் அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்து 5 நிமிடம். கத்தி முனை ஓரத்தில் சுலபமாக இறங்க வேண்டும், நடுவில் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். வடிதட்டில் கொட்டி, மூடாமல் 5 நிமிடம் விடுங்கள். பளபளவென்று இருந்த துண்டு மெல்ல மங்கி, மாவு தூவினாற்போல வெளுக்கும். அந்த வெளுப்பைப் பார்க்காமல் எண்ணெயில் போடாதீர்கள்.

28 செ.மீ. தட்டையான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரே அடுக்காகப் பரப்பி 4 நிமிடம் தொடாதீர்கள். சிவந்த பக்கம் தானாகவே விட்டுக்கொடுக்கும். விடவில்லை என்றால் இன்னும் சிவக்கவில்லை என்று பொருள். புரட்டிப் புரட்டி மொத்தம் 12 முதல் 14 நிமிடம். மிளகாய்த்தூள் கடைசி ஒரு நிமிடம், தீயைத் தணித்த பிறகு. முன்பே போட்டால் தூள் கருகிக் கசக்கும்.

கிழங்கு உடையாமல் வேண்டுமானால் வேகவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வினிகர். ஓரம் சொரசொரவென்று உதிர்ந்து மொறுமொறுப்பாக வேண்டுமானால் அதற்குப் பதில் கால் டீஸ்பூன் சமையல் சோடா. புளிப்பு கிழங்கை இறுக்கும், சோடா கரைக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் இவ்வளவு செய்தும் நிறம் காலை வாரும். குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறுவதால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுக்கும்.

மூடிபோடாதவர்:

மேலே சொன்ன "மூடாதீர்கள்" வெண்டைக்காய்க்கு இரண்டு மடங்கு பொருந்தும்ங்க. வழவழப்பு தண்ணீரில் கரைகிற சங்கதி. ஈரம் பட்டாலே அது கிளம்பிடும்.

400 கிராம் காய். முழுசா இருக்கும்போதே கழுவி, ஒவ்வொண்ணா துடைச்சு, துணியில் அரை மணி நேரம் பரப்பிடுங்க. கத்தி, பலகை, கை மூணும் காய்ஞ்சிருக்கணும். ஒன்றரை செ.மீ. துண்டு. ரொம்பப் பொடியா நறுக்கினா வெட்டுவாய் கூடுது, வழவழப்பும் கூடும். அகலமான வாணலியில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே தீ, 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டும் கிளறல்.

நாலாவது அஞ்சாவது நிமிஷத்தில் கரண்டியைத் தூக்கினா நூல் நூலா இழுக்கும். பல பேர் கைவிடுறது இந்த இடத்தில்தான். "ஐயோ பிசுபிசுக்குதே"ன்னு தண்ணி தெளிப்பாங்க, இல்லைன்னா மூடிடுவாங்க. ரெண்டும் வேண்டாம். ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு அப்படியே வதக்குங்க. பத்தாவது பன்னிரண்டாவது நிமிஷத்தில் நூல் அறுந்துடும், துண்டுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம உருளும். முக்கால் டீஸ்பூன் உப்பு அப்பதான். முன்னாடியே உப்புப் போட்டா காய் தண்ணி விட்டு, கதை முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.

வெங்காயம் சேர்க்கணும்னா தனி வாணலியில் வதக்கிக் கடைசியில் கலந்துக்குங்க. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான்.

காளானும் இதே ஜாதி, ஆனா அது மன்னிக்கிற காய். தண்ணி விட்டாலும் பதறாம தீயைக் கூட்டி அது வத்துற வரைக்கும் விட்டீங்கன்னா திரும்பச் சிவக்கும். கூட நேரம் வெந்தாலும் குழையாது.

அரைப்படி:

சாதத்துக்கு வருவோம். "ஒன்றுக்கு இரண்டு" என்ற கணக்கைத்தான் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவேன். ஒரு கப் அரிசிக்குச் சரியாக வந்த அதே கணக்கு நான்கு கப்புக்குக் களியாகிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது.

பானையில் விடும் தண்ணீர் இரண்டு வழியில் போகிறது. ஒரு பங்கை அரிசி குடிக்கிறது. வெள்ளைப் பச்சரிசி ஏறக்குறைய தன் அளவுக்குச் சமமான தண்ணீரைக் குடிக்கும். புழுங்கலும் பழைய அரிசியும் இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்கும். மறு பங்கு ஆவியாகப் போகிறது. இந்தப் பங்கு அரிசியைப் பொறுத்தது இல்லை. பானையின் வாய் அகலம், மூடி எவ்வளவு இறுக்கம், எத்தனை நிமிடம் அடுப்பில் இருக்கிறது, இவற்றைப் பொறுத்தது. அரிசியை நான்கு மடங்காக்கினால் ஆவி நான்கு மடங்காகாது.

உங்கள் பானை எவ்வளவு ஆவி விடுகிறது என்று ஒருமுறை அளந்துவிடுங்கள். மூன்று கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மூடி, தீயை மிகக் குறைத்து 15 நிமிடம் வையுங்கள். ஆறியதும் திரும்ப அளந்து பாருங்கள். முக்கால் கப் குறைந்திருந்தால் உங்கள் கணக்கு: அரிசி எத்தனை கப்போ அத்தனை கப் தண்ணீர், அதோடு முக்கால் கப். ஒரு கப்புக்கு ஒன்றே முக்கால், நான்கு கப்புக்கு நாலே முக்கால். குழைவாகப் பிடிக்கும் வீட்டில் கப்புக்குக் கால் கப் ஏற்றிக்கொள்ளலாம். பிரஷர் குக்கரில் ஆவி மிகக் குறைவாகத்தான் வெளியேறும் என்பதால் அந்த முக்கால் கப், கால் கப்பாகச் சுருங்கும்.

கழுவிய அரிசியில் தங்கும் தண்ணீரையும் கணக்கில் கொள்ளுங்கள். நன்றாக வடிக்காமல் போட்டால் அதுவே குழைவுக்குப் போதும்.

தீயை அணைத்ததும் 10 நிமிடம் திறக்காதீர்கள். அப்போது மேலே உலர்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும் பருக்கைகள் சமமாகும். உடனே கிளறினால் பருக்கை உடைந்து மாவு வெளியே வந்து ஒட்டும். நடுவில் அரிசி தட்டுப்பட்டால் ஒரு கப் அரிசிக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் கொதிநீர் தெளித்து, மூடிக்கு அடியில் ஈரத்துணி போட்டு, மிகச் சிறிய தீயில் 5 நிமிடம். தண்ணீர் கூடியிருந்தால் அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள், பத்து நிமிடத்தில் ஓரளவு தேறும். களியாகிவிட்டால் தேறாது. அன்றைக்குக் கஞ்சி என்று பெயர் மாற்றிவிடுவதே மரியாதை.

மிச்சச் சாதத்தை வெளியே வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். வேகும் சூட்டிலும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. வெதுவெதுப்பில் அவை பெருகி விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள்.

வேகாதபயறு:

பீன்ஸ், பட்டாணி, கடலை எதுவானாலும் "இரண்டு மணி நேரம் கொதிச்சும் வேகலை" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: தக்காளி எப்போது போட்டீர்கள்?

புளிப்பு உள்ளே போனதும் தோலும் சதையும் மென்மையாவது ஏறக்குறைய நின்றுவிடும். பாதி வெந்த பயறில் தக்காளியைப் போட்டால் அது பாதி வெந்தபடியே நிற்கும், எவ்வளவு விறகு எரித்தாலும் சரி. கிழங்குக்கு வினிகர் செய்த அதே வேலைதான், இங்கே நமக்கு எதிராக.

200 கிராம் பயறை ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் உப்புப் போட்டு 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். உப்புப் போட்டு ஊறவைத்தால் பயறு இறுகும் என்பது தவறு, தோல் மென்மையாகத்தான் ஆகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, இரண்டு விரலில் நசுக்கினால் மணல் தட்டாமல் மசியும்வரை வேகவிட்டு, அதன் பிறகு தக்காளி.

குழாயில் கடின நீர் வரும் வீட்டில் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் பயறை வேகவிடாமல் இதே தொல்லையைக் கொடுக்கும். 200 கிராமுக்கு அரைக்கால் டீஸ்பூன் சமையல் சோடா போதும். கூடினால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் போய்விடும்.

சிவப்பு ராஜ்மா மட்டும் விளையாட்டு இல்லை. அதன் பச்சை நஞ்சு முறிய, ஊறிய தண்ணீரைக் கொட்டிய பிறகு தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்க வேண்டும், அரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போடவே கூடாது. அந்தச் சூடு போதாது, வாந்தி நிச்சயம்.

தட்டைக்கரண்டி:

வெங்காயத்தைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். சுருக்கமாக நானே சொல்லிவிடுகிறேன். "5 நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்" என்பது சமையல் குறிப்புகளில் வரும் மிகப் பெரிய பொய். அரை கிலோ வெங்காயம், 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு: முதல் பத்து நிமிடம் தண்ணீர் மட்டும்தான் வெளியேறும். இருபதில் வைக்கோல் நிறம். நல்ல பழுப்புக்கு 40 நிமிடம் ஆகும். அடி பிடித்தால் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கலந்துகொள்ளுங்கள், ருசியே அதில்தான். அவ்வளவு நேரமில்லாத நாளில் வைக்கோல் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் ஓரம் கருகி நடு பச்சையாக இருக்கும்.

பால்கோப்பை:

இனிப்பே வரவில்லையே! கேரமல் கஸ்டர்டைச் சேர்க்கிறேன். இதிலும் கெடுப்பது தண்ணீர்தான், ஆனால் வேறு மாதிரி.

பால் 500 மில்லி, முட்டை 4, சர்க்கரை 75 கிராம், கால் டீஸ்பூன் வெனிலா. கேரமலுக்குத் தனியாக 100 கிராம் சர்க்கரை, 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர். ஒரு லிட்டர் பிடிக்கும் கிண்ணம்.

கேரமல் முதலில். சர்க்கரை கரையும்வரை கிளறலாம், கொதி வந்த பிறகு கரண்டியைத் தொடாதீர்கள். ஓரத்தில் தெறித்த ஒரு துகள் உள்ளே விழுந்தாலே போதும், மொத்தப் பாகும் பூத்துக் கற்கண்டாகிவிடும். ஈரத் தூரிகையால் ஓரத்தைத் துடைத்துவிடுங்கள். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பூப்பது குறையும். தேன் நிறம் வந்ததும் வாணலியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், அங்கிருந்து டிகாஷன் நிறத்துக்கு அரை நிமிடம்தான். புகை எழுந்தால் கசப்பு வந்தாயிற்று. டிகாஷன் நிறத்துக்குச் சற்று முன்பே இறக்குங்கள், வாணலியின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிண்ணத்தை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து வைத்திருந்தால்தான் பாகு பரவும், இல்லாவிட்டால் ஊற்றிய இடத்திலேயே கல்லாகும். சுமார் 170 டிகிரிப் பாகு தோலில் ஒட்டிக்கொள்ளும், கை கவனம்.

பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து சர்க்கரையைக் கரையுங்கள். முட்டையை நுரைக்காமல், கரண்டியைக் கிண்ணத்தின் அடியிலேயே ஓட்டிக் கலக்குங்கள். பாலை மெல்ல ஊற்றிக் கலந்து வடிகட்டி, மேலே மிதக்கும் நுரையை எடுத்துவிடுங்கள். ஃபாயிலால் மூடுங்கள், ஆவிச் சொட்டு விழுந்தால் மேலே குழி விழும்.

அகலமான பாத்திரத்தில் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, பாதி உயரத்துக்கு வெந்நீர். தண்ணீர் கொதிக்கக் கூடாது, அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ் மட்டும் எழ வேண்டும். முட்டை கலந்த பால் 80 டிகிரியைத் தாண்டியதும் உறையும். அதற்கு மேல் இன்னும் சூடேறினால் முட்டை இறுகி, பிடித்து வைத்த தண்ணீரைக் கக்கிவிடும். வெட்டினால் தேன்கூடு மாதிரி ஓட்டை, தட்டில் தெளிந்த நீர். இரண்டுக்கும் காரணம் அதிகத் தீ.

35 முதல் 45 நிமிடம். கிண்ணத்தை லேசாக ஆட்டினால் ஓரம் அசையாமல் நடுவில் மட்டும் ததும்ப வேண்டும். முழுசாக இறுகும்வரை காத்திருந்தால் பதத்தைக் கடந்துவிட்டீர்கள். ஆறவைத்துக் குறைந்தது 6 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மூடிபோடாதவர்:

கவிழ்த்தா கேரமல் பாதி அடியிலேயே தங்கிடுதே, அதுக்கு என்னங்க வழி?

பால்கோப்பை:

நேரம் போதவில்லை என்று அர்த்தம். கஸ்டர்டிலிருந்து இறங்கும் ஈரத்தில்தான் அந்தப் பாகு கரைகிறது, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அவசரமானால் கிண்ணத்தின் அடியை வெந்நீரில் 30 நொடி வைத்து, ஓரத்தைக் கத்தியால் ஒரு சுற்று விட்டு, தட்டை மேலே வைத்துச் சட்டென்று திருப்புங்கள். "ப்ளக்" என்று ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் கிண்ணத்தைத் தூக்க வேண்டும். பாகு காய்ச்சிய வாணலியைத் தேய்த்துக் கையை நோகடிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் ஒட்டியதெல்லாம் தானே கரைந்துவிடும்.