புதுநீர் மதர்ப்பு: புதிதாக நிறைந்த ஏரியின் மீன் பெருக்கத்துக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். டெக்சாஸ் மாநிலத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம் ஒன்றில் தூண்டில் போட்டுப் பாஸ் மீன் பிடிப்பது பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது, புது ஏரியில் மீன் சில ஆண்டுகள் பெருகுவதைக் குறிக்கும் ஓர் ஆங்கிலத் தொடரில் தடைபட்டு நிற்கிறேன் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். பெரம்பூர் ஐயா, திருவொற்றியூர் அம்மா, பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஆகிய மூவரும் அக்கறையோடு மறுமொழி எழுதினீர்கள். அவற்றைப் பலமுறை படித்த பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் சொல்லையும் அதற்கான காரணங்களையும் சற்று விரிவாகவே இங்கே வைக்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கட்டுரை பேசுவது போடார்க் ஏரியைப் பற்றி. 2021இல் நீர் தேங்கத் தொடங்கி, 2024 ஏப்ரல் 17 அன்று மக்களுக்குத் திறக்கப்பட்ட இந்த நீர்த்தேக்கம் 16,641 ஏக்கர் பரப்புடையது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மாநிலம் கண்ட முதல் பெரிய நீர்த்தேக்கம். தூண்டில்காரர்கள் இத்தகைய புது ஏரியைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. நேற்றுவரை காடாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்த தரை நீரில் மூழ்கும்போது, மண்ணிலும் இலைச்சருகிலும் இருந்த தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கரைந்து நீரில் கலக்கின்றன. அதனால் நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, மூழ்கிய தரையின் மண்புழுவும் பூச்சியும் மீனுக்கு இரையாகின்றன. நீரில் நிற்கும் புதர்களும் மரங்களும் குஞ்சுகளுக்கு ஒளிவிடம் தருகின்றன. பெரிய மீன்கள் இன்னும் அதிகம் இல்லாத அந்த நீரில் முதல் ஓரிரு ஆண்டுகளில் பிறக்கும் குஞ்சுகள் மிகுதியாகப் பிழைத்து, மிக விரைவாக வளர்கின்றன. சில ஆண்டுகள் கழித்து, கரைந்த சத்து செலவாகியும் அடிச்சேற்றில் படிந்தும் குறைய, மரங்கள் மட்கி விழ, மீன்வளம் இறங்கி ஒரு நடுநிலையில் நிற்கிறது. ஏறும் அந்தக் கட்டத்துக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

ஏரியியலார் அதை ட்ரோஃபிக் அப்சர்ஜ் என்கிறார்கள். இதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் போதாதா என்று பெரம்பூர் ஐயா கேட்டிருந்தார். போதாது என்பது என் கருத்து, ஐயா. எண்ணூர் நெடுஞ்சாலையில் நாள்தோறும் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே நிற்கும் நம் வாசகர், அந்த முதற்சொல்லைப் போக்குவரத்து நெரிசல் என்றே படிப்பார். உணவூட்டத்தைக் குறிக்கும் கிரேக்க வேர் அதில் இருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

அடுத்ததாக ஐயா தந்த ‘ஊட்ட எழுச்சி’ மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறது. அதில் இரண்டு குறைகளைக் காண்கிறேன். எழுச்சி என்றதும் நம் மனம் மக்கள் எழுச்சியை நோக்கிப் போகிறது என்பது சிறிய குறை. ஊட்டம் மிகுதல் என்றால் கழிவுநீர் கலந்து ஆகாயத்தாமரை மண்டிய ஏரிதான் நம் ஊரில் நினைவுக்கு வரும் என்பது பெரிய குறை. அங்கே சத்து வெளியிலிருந்து இடைவிடாமல் வந்து சேர்கிறது. இங்கே மூழ்கிய நிலமே ஒருமுறை கொடுத்துவிட்டு ஓய்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல் காட்டவில்லை என்றால் மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

திருவொற்றியூர் அம்மா முன்வைத்த ‘புதுப்புனல் வளம்’ செவிக்கு இனிமையானது. புதுப்புனல் என்றதும் ஆடிப்பெருக்கும் ஆற்றில் நுரைத்து வரும் நீரும் கண்முன் வருகின்றன. அப்படிக் கண்முன் வருவது ஏரியன்று, ஆறு என்பதுதான் என் தயக்கம். அம்மாவின் சொல்லில் இருக்கும் ‘புது’ என்பதை மட்டும் நான் விடமாட்டேன். ‘புத்தணை’ என்று தொடங்கலாம் எனத் தம்பி எழுதியதை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். புதிதாக இருக்க வேண்டியது அணையன்று, நீர்.

இதை நம் ஏரிகளை வைத்தே சொல்கிறேன். கும்மிடிப்பூண்டிக்கு அருகில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை என்னும் இரண்டு ஏரிகளை இணைத்துக் கட்டி 2020 நவம்பரில் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம், 1944இல் முடிந்த பூண்டிக்குப் பின் சென்னைக் குடிநீருக்கென எழுந்த புது நீர்த்தேக்கம். அதைப் புத்தணை என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் 1876இல் கட்டிமுடிக்கப்பட்ட புழல் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறக்குறைய வற்றிக் கிடந்தன. ஏரியின் உள்வாய் வெடித்துக் காய்ந்து, புல் முளைத்து, ஆடுமாடு மேய்ந்து, சாணம் விழுந்த தரையின் மேல் மறுபடியும் வடகிழக்குப் பருவமழையின் நீர் ஏறும்போது, சிறிய அளவில் அதே நிகழ்ச்சி நடக்கிறது. அணைக்கு வயது நூற்று நாற்பதைக் கடந்திருந்தாலும் நீர் புதிதுதான். அமெரிக்காவிலும் பழைய நீர்த்தேக்கங்களின் மட்டத்தை வேண்டுமென்றே இறக்கி, கரையில் செடி வளரவிட்டு, மீண்டும் நீர் ஏற்றி மீன்வளத்தைப் பெருக்கும் முறை உண்டு. இந்த மூன்று நிலைகளுக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டுமானால் அது ‘புதுநீர்’ என்றே தொடங்க வேண்டும்.

இனி இரண்டாம் பாதி. வளம், செழிப்பு என்று முடித்துவிடலாமே என்று முதலில் நானும் நினைத்தேன். தம்பி எழுதிய ஒரு பத்திதான் என்னைத் தடுத்தது. மூழ்கிய மண்ணில் இருக்கும் பாதரசத்தை, ஆக்சிஜன் குறைந்த அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன; அது இரையிலிருந்து இரைக்கு ஏறி, மற்ற மீன்களைத் தின்னும் மீனின் தசையில் சேர்கிறது. 1970களில் கனடாவின் மானிடோபா மாகாணத்துப் புதுநீர்ப் பரப்புகளில் இது கவனத்துக்கு வந்தது. மீன் பெருகும் அதே ஆண்டுகளில்தான் அதன் உடலில் பாதரசமும் ஏறுகிறது. அந்தக் கட்டத்துக்குச் செழிப்பு என்று பெயர் சூட்டினால், பெயரைப் படித்தவர் ஏரி நலமாக இருக்கிறது என்றுதான் எண்ணுவார். நன்றி, தம்பி, இதை நீ சொல்லியிராவிட்டால் தவறான சொல்லை அச்சுக்கு அனுப்பியிருப்பேன்.

எனவே மிகுதியைச் சொல்ல வேண்டும். அது நிலைக்காது என்பதும் தொனிக்க வேண்டும். நல்லது என்று தீர்ப்பு எழுதவும் கூடாது. தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியில் இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாள், மீஞ்சூருக்கு அப்பால் நெல் பயிரிடும் என் பெரியப்பா தொலைபேசியில் சொன்ன ஒரு வாக்கியம் விடையாக வந்தது. “யூரியா கொஞ்சம் கூடிப்போச்சு, பயிரு மதர்த்து நிக்குது, கதிரு எப்படி வருமோ தெரியல.”

மதர்த்தல். சத்து மிகுந்து, இலையும் தண்டும் கரும்பச்சையாகத் தழைத்து, பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக நிற்கும் பயிர் அது. ஆனால் அப்படி நிற்கும் பயிர் காற்றடித்தால் சாயும், புகையான் பூச்சி எளிதில் தாக்கும், விளைச்சல் உறுதியில்லை என்று விவசாயிக்குத் தெரியும். மிகுதியும் நிலையாமையும் ஒரே வினைச்சொல்லில் இருக்கின்றன. அதைவிட எனக்கு நிறைவு தந்தது, காரணமும் ஒன்றாக இருப்பது. வயலில் பயிர் மதர்ப்பதும் மண்ணில் கரைந்த தழைச்சத்தால். புது ஏரியில் உயிர்கள் பெருகுவதும் மண்ணிலிருந்து கரைந்த தழைச்சத்தாலும் மணிச்சத்தாலும். ஆகவே இது ஒப்புமைக்காக இரவல் வாங்கிய சொல்லன்று. ஒரே இயக்கத்தை வயலிலிருந்து நீருக்கு நகர்த்திய சொல்.

‘புதுநீர் மதர்ப்பு’ என்பதே என் முன்மொழிவு. இதில் வினையும் கிடைக்கிறது: ஏரி மதர்க்கிறது, மதர்த்திருக்கிறது, மதர்த்து ஓய்ந்தது. ‘மதர்ப்புக் காலம்’, ‘மதர்ப்பு ஆண்டுகள்’ என்று தொடர்களும் இயல்பாகக் கிளைக்கின்றன. பெயர்ச்சொல்லாக மட்டும் நின்று, வினையாக மாறும்போது ‘அடைகிறது’, ‘நிகழ்கிறது’ என்று துணை தேடும் கலைச்சொற்கள் வகுப்பறையைத் தாண்டிப் பேச்சுக்கு வருவதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகக் காண்கிறேன்.

ஓர் எதிர்ப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன். மதர்த்தலுக்குச் செருக்குதல் என்ற பொருளும் உண்டு. பழைய இலக்கியத்தில் பெண்களின் கண்ணுக்கு அடையாகவும் இச்சொல் வருகிறது. இலக்கியம் பயின்ற வாசகருக்கு அந்த நிழல் தெரியத்தான் செய்யும். ஆயினும் முன்னால் ‘புதுநீர்’ நிற்பதால் பொருள் மயங்க இடமில்லை. உழவர் வழக்கில் இன்றும் உயிரோடு இருக்கும் சொல்லை அகராதியின் மற்றொரு பொருளுக்காக ஒதுக்கிவைப்பது நமக்குத்தான் இழப்பு.

மதர்ப்பு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது ஏரிக்கு ஏரி மாறும். அதே டெக்சாஸின் லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்தில் 1980இல் நீர் தேங்கத் தொடங்கியது. வெட்டப்படாத மரங்கள் நிறைய நீருக்குள் விடப்பட்டன; பிடித்து வைத்துக்கொள்ளும் மீனின் அளவுக்கும் கடுமையான வரம்பு விதிக்கப்பட்டது. 1986இல் 17.67 பவுண்டு எடையுள்ள பாஸ் அங்கே பிடிபட்டது. 1992இல் பிடிபட்ட 18.18 பவுண்டு மீன், ஏறத்தாழ எட்டேகால் கிலோ, அம்மாநிலத்தின் சாதனையாக நிற்கிறது. மதர்ப்பில் பிறந்த தலைமுறையை மனிதர் காத்தால் அதன் பலன் பல ஆண்டுகளுக்குப் பிறகும் கிடைக்கும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

மீனின் பெயரைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பாஸ் என்பதைக் கொடுவா என்று பெயர்க்கலாம் என ஒருவர் முன்பு எழுதியிருந்தார். இதை நான் உறுதியாக மறுக்கிறேன். காசிமேட்டில் நாம் வாங்கும் கொடுவா கடலிலும் எண்ணூர், பழவேற்காடு போன்ற கழிமுகங்களிலும் வாழ்வது. முட்டையிட உப்புநீரை நாடுவது. முதலில் ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறுவது. கட்டுரையில் வரும் பெருவாய்ப் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். வசந்த காலத்தில் ஆண்மீன் ஆழமற்ற தரையை வாலால் பெருக்கிக் கூடமைத்து, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கிறது. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். தவறான பெயரால் வரும் தீங்கு சிறியதும் அன்று: 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விடப்பட்ட இந்தப் பாஸ், நாடெங்கும் பரவி உள்நாட்டு மீன்களை விழுங்கியதால், 2005இல் அங்கே அயல் ஆக்கிரமிப்பு உயிரினமாகச் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டது. கொடுவா என்று படித்த ஒருவர் அதைப் புழலில் கொண்டுவந்து விட்டால் என்ன என்று ஒருநாளும் எண்ணிவிடக் கூடாது. பாஸ் என்று தனியே எழுதினால் தேர்வில் தேறியதாகவோ முதலாளியாகவோ படிக்கப்படும் என்பதால், எல்லா இடத்திலும் ‘பாஸ் மீன்’ என்றும், இனத்தைச் சொல்லும் இடத்தில் ‘பெருவாய்ப் பாஸ்’ என்றும் எழுதப்போகிறேன். (அதன் அறிவியல் பேரினப் பெயருக்குச் சிறுதுடுப்பு என்று பொருள். 1802இல் பெயரிட்டவரிடம் இருந்த மாதிரியின் முதுகுத்துடுப்பு சிதைந்திருந்ததால் அப்படி அமைந்துவிட்டது; எனவே அந்தப் பெயரைத் தமிழாக்கும் யோசனையையும் கைவிட்டேன்.)

தரையின் மேடு, பள்ளம், பழைய ஓடைத்தடம் ஆகியவற்றுக்குத் ‘தரையமைப்பு’ என்றும், நீரில் நிற்கும் மரம், புதர் ஆகியவற்றுக்கு ‘மறைவிடம்’ என்றும் அம்மா பிரித்துக் கொடுத்தது மிகச் சரி. அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மீதமிருப்பது ஒன்று. மதர்ப்புக்குப் பின் வரும் இறங்குகட்டத்துக்கு ‘மதர்ப்படக்கம்’ என்று முதலில் எழுதினேன். அடக்கம் என்ற சொல் சவ அடக்கத்தை நினைவூட்டுவதால் ‘மதர்ப்புத் தணிவு’ என்று மாற்றியிருக்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

“நீர் நிறைந்த முதல் ஆண்டுகளில் ஏரி மதர்க்கும். புதர்களும் பட்ட மரங்களும் நிற்கும் மறைவிடங்களை ஒட்டித் தூண்டில் வீசுபவருக்கு நடுத்தர அளவுள்ள பெருவாய்ப் பாஸ் மிகுதியாகக் கிடைக்கும். மதர்ப்புத் தணிந்த பிறகு எண்ணிக்கை குறையும்; அப்போது பழைய ஓடைத்தடங்களின் விளிம்பில் தேட வேண்டும்.”

பொன்னேரித் தம்பி இதைத் தன் வகுப்புத் தோழர்கள் நான்கைந்து பேரிடம், எந்த விளக்கமும் சொல்லாமல் படித்துக்காட்டி, மதர்க்கும் என்பதை அவர்கள் என்னவென்று புரிந்துகொள்கிறார்கள் என எழுதினால், அதைப் பார்த்த பிறகே கட்டுரையை அனுப்புவேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து