திருப்பம்: விசைக்கும் சடத்துவத்துக்கும் மாறற்றிறனுக்கும் ஒரே கணக்குத்தானா?

வெள்ளவத்தை_உயர்தரம்:
இணைந்த கணிதத்தில் விசையின் திருப்பம். பௌதிகவியலில் சடத்துவத் திருப்பம் (சுழற்சி மாற்றத்தைப் பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு). இப்போது ஒரு புள்ளிவிபரவியல் குறிப்பில் மாறற்றிறனை (variance, தரவுகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) "இடை பற்றிய இரண்டாம் திருப்பம்" என்று போட்டிருக்கிறார்கள்; இடை என்றால் சராசரி. பரீட்சைப் புள்ளிகள் எங்கே சுழலுகின்றன? அண்ணாமார், அக்காமார் யாராவது விளக்குங்கள்.

கணக்குப்பிள்ளை:
சுழற்சியை ஒரு பக்கம் வையுங்கள். ஒரு கோட்டில் ஏதோவொன்று பரந்து கிடக்கிறது: திணிவு, விசை, நிகழ்தகவு, எதுவும் ஆகலாம். ஒவ்வொரு துண்டையும், தெரிந்தெடுத்த புள்ளியிலிருந்து அதன் தூரத்தின் (இடப்பக்கம் மறை, வலப்பக்கம் நேர்) அடுக்கால் பெருக்கிக் கூட்டினால் திருப்பம். அடுக்கு எத்தனையோ அத்தனையாம் திருப்பம்.

இலேசான கோலொன்றில் 0, 1, 2 மீற்றரில் முறையே 2, 3, 5 கிலோகிராம் இருக்கட்டும். பூச்சியத் திருப்பம் மொத்தத் திணிவு, 10. முதலாவது 3 + 10 = 13; 10ஆல் வகுத்தால் 1.3 மீற்றர், அதுவே திணிவு மையம். இரண்டாவது 3 + 20 = 23. மையம் பற்றி எடுத்தால் 23 − 10 × 1.3² = 6.1. இது சமாந்தர அச்சுத் தேற்றம்.

இப்போது கிலோகிராமை அழித்து, 2, 3, 5 பேர் 0, 1, 2 புள்ளி எடுத்தார்கள் என்று எழுதுங்கள். இடை 1.3, மாறற்றிறன் 2.3 − 1.69 = 0.61. "வர்க்கங்களின் இடை கழி இடையின் வர்க்கம்" என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அது அதே தேற்றம்தான்.

கோலுக்கு மையம் பற்றிய மூன்றாம் திருப்பம் −2.76; புள்ளிகளுக்கு அதை 10ஆல் வகுத்தால் −0.276. மறை என்றால் வால் இடப்பக்கம் நீள்கிறது.

சைட்_எஞ்சினியர்:
பிழை வரும் இடம் இரண்டு. சமாந்தர அச்சுத் தேற்றத்தில் ஓர் அச்சு மையத்தினூடே போகவே வேண்டும். மையமல்லாத அச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் விடை பிழைக்கும். முதலில் மையத்துக்கு வந்து, பிறகு போங்கள்.

மற்றது, பீம் கணக்கில் வருவது திணிவின் திருப்பமல்ல, குறுக்குவெட்டுப் பரப்பின் இரண்டாம் திருப்பம். அலகு மில்லிமீற்றரின் நாலாம் அடுக்கு. 100 × 200 பீமை நிமிர்த்தி வைத்தால் 100 × 200³ ÷ 12, ஏறக்குறைய 6.67 கோடி, படுக்க வைத்தால் 1.67 கோடி. அதே சுமைக்கு நாலு மடங்கு தொய்யும்.

வெள்ளவத்தை_உயர்தரம்:
விளங்கிற்று. அப்ப இணைக்கு (சமமான, எதிர்த்திசையிலான இரு சமாந்தர விசைகளுக்கு) மட்டும் ஏன் எந்தப் புள்ளி பற்றி எடுத்தாலும் ஒரே திருப்பம்?

கணக்குப்பிள்ளை:
புள்ளியை நகர்த்தினால் முதலாம் திருப்பம் மாறுவது மொத்தம் × நகர்ந்த தூரம் அளவுக்கு. இணையில் விசைகளின் மொத்தம் பூச்சியம், ஆகவே மாற இடமில்லை. மின் இருமுனையிலும் (சமமான நேர், மறை ஏற்றச் சோடி) மொத்த ஏற்றம் பூச்சியம் என்பதால் அப்படியே. விசைக்கு மட்டும் தூரத்தைத் தாக்கக் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும், இடஞ்சுழி வலஞ்சுழிக்குக் குறி மாறும்.

இன்னொன்று: எல்லாப் பரம்பலுக்கும் திருப்பம் இராது. கோசி (Cauchy) என்ற நிகழ்தகவுப் பரம்பலுக்குச் சராசரியைக்கூட வரையறுக்க முடியாது; வால் அவ்வளவு மெதுவாகத் தேய்வதால் தொகையீடு ஒருங்காது.