புதுப்பிப்பு: கருத்து வரைபடங்களை மென்பொருள் திருத்தினால்?

பி.ஃபார்ம் மாணவர்கள் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து பற்றி வரைந்த கருத்து வரைபடங்களை (கருத்துகளை அம்புக்குறிகளால் இணைத்துக் காட்டும் படங்களை) மென்பொருளிடம் திருத்தக் கொடுக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். கொடுத்துப் பார்த்துவிட்டேன். நோவாக், கோவின் என்ற இருவர் வகுத்த மதிப்பெண் முறைப்படி சரியான இணைப்புக்கு 1, ஒவ்வொரு படிநிலைக்கும் 5, படத்தின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்க்கும் குறுக்கு இணைப்புக்கு 10 என்று நொடியில் கூட்டித் தருகிறது. சரி, எண்ணுகிற வேலை மிச்சம்.

ஆனால் "வைட்டமின் கே மறுசுழற்சியைத் தடுக்கிறது" என்றால் மதிப்பெண். அதையே "மீண்டும் பயன்பட விடாது" என்று எழுதிய பெண்ணுக்குப் பூஜ்யம்! அதைவிட மோசம், ஒரு பையன் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருந்தான்: ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறுவதால் வார்ஃபரின் வேலை செய்கிறதாம். அதற்கு முழு மதிப்பெண்.

இப்போது ஒத்த சொற்களின் பட்டியலைச் சேர்த்திருக்கிறேன். குறுக்கு இணைப்புகளை மட்டும் நானே பார்க்கிறேன். வார்ஃபரினோடு மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும் என்பதை யார் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரிகிறது.