சபாத் அன்று சுவிட்சைத் தொடாத வீடுகள்: உங்கள் அனுபவம் என்ன?

மார்த்தாண்டத்துக்காரி:
எருசலேமில் ஒரு யூதப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் மூன்று வருடம் இருந்தேன். சபாத் என்பது யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள். நெருப்பு மூட்டுவது, கட்டுவது போன்ற வேலைகள் அன்று கூடாது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போதே அங்கே சபாத்துக்கான சைரன் ஒலித்துவிடும். அப்புறம் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை பாட்டி எந்த சுவிட்சையும் தொடமாட்டார். கூடத்து விளக்குக்கு டைமர். சாப்பாடு 'பிளாட்டா' என்கிற சூட்டுத் தட்டின் மேல். கதவைத் திறந்தால் எரியும் என்பதால் ஃபிரிட்ஜ் பல்பை முன்கூட்டியே கழற்றுவது என் பொறுப்பு.

முதல் வாரம் டைமரைத் தப்பாக வைத்துவிட்டேன். எட்டு மணிக்கே வீடு இருட்டு. "ரொம்ப இருட்டாக இருக்கிறது, இல்லையா?" என்றார் பாட்டி. "ஆமாம் சவ்தா (பாட்டி)" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீ பின்னிக்கொண்டிருந்தாயே, கண் வலிக்காதா?" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை!

மறுநாள் அவர் மகள்தான் விளக்கினார். யூதர் அல்லாத என்னிடம்கூட 'விளக்கைப் போடு' என்று நேராகச் சொல்லக் கூடாதாம். அவருக்காக நான் போட்டாலும் அந்த வெளிச்சம் அவருக்கு ஆகாது. என் வேலைக்காக நானே போட்டால் அவரும் உட்கார்ந்து படிக்கலாம். அன்றிலிருந்து வெள்ளி இரவுகளில் என் மடியில் பின்னல் இல்லாமல் இருந்ததில்லை.

ஹைஃபா ஆராய்ச்சியாளன்:
எனக்கு லிஃப்ட் அனுபவம். சபாத் லிஃப்ட் என்று தெரியாமல் ஏறி, பதினோராவது மாடிவரை ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போனேன். பட்டனை யாரும் அழுத்தக் கூடாதல்லவா, அதனால் தானாகவே ஓடுகிறது.

அறை நண்பனிடம் கேட்டேன்: "பல்பில் கம்பி பழுக்கிறது, அது நெருப்பு மூட்டுவது, சரி. எல்இடியில் நெருப்பு எங்கே?" மின்சுற்றை இணைப்பதே ஒன்றைக் கட்டுவது போலத்தான் என்று ஹசோன் இஷ் என்ற யூத மத அறிஞர் சொன்னாராம். இன்னொரு அறிஞரான ரப்பி (யூத குரு) ஷ்லோமோ சல்மான் அவுவெர்பாக் அதை ஏற்கவில்லை, ஆனாலும் வழக்கத்தை மீறவேண்டாம் என்றார். தொடக் கூடாது என்பதில் சண்டையே இல்லை, ஏன் என்பதில்தான்!

ரெகோவோட் வாசி:
போர்க் காலத்தில் பக்கத்து வீட்டில் வெள்ளி மாலையே ரேடியோவைப் போட்டு வைத்துவிடுவார்கள். அது மௌனமாகவே கிடக்கும். ஏவுகணை எச்சரிக்கை வந்தால் மட்டும் பேசும். 1991 வளைகுடாப் போரின்போதே வந்த ஏற்பாடு.

மார்த்தாண்டத்துக்காரி:
இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. ஒரு சனிக்கிழமை காலை பாட்டிக்கு மூச்சுத் திணறியது. அன்றைக்குச் சாடை எதுவும் இல்லை. "101க்குப் போன் போடு, உடனே" என்றார். உயிர் என்று வந்தால் சபாத் விலகி நிற்கும். ஆம்புலன்சில் வந்த ஒருவர் தலையில் கிப்பா, பக்தியுள்ள யூத ஆண்கள் அணியும் சிறு தொப்பி. அவரும் டேப்லெட்டில் தட்டித்தான் விவரம் பதிந்தார். பாட்டி அடுத்த வெள்ளிக்குள் வீடு திரும்பிவிட்டார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றினாயா?"