மறு: ‘ஒத்திவைக்கப்பட்ட உறுப்பினர் கட்டணம்’ – வேறு சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

உறுப்பினர் கட்டணம் கட்டியவர்களுக்கே சரக்கு விற்கும் அமெரிக்கக் கடைத்தொடர் காஸ்ட்கோ. அதன் இருப்புநிலைக் குறிப்பில் (சொத்தும் பொறுப்பும் காட்டும் கணக்கு அறிக்கையில்) வரும் ‘deferred membership fees’ என்ற வரியை ‘ஒத்திவைக்கப்பட்ட உறுப்பினர் கட்டணம்’ என்று தமிழாக்கலாம் என நம் அகரமுதலிக் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அகராதிப்படி சரிதான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. தேர்வை ஒத்திவைக்கிறோம், வழக்கை ஒத்திவைக்கிறோம். நடக்க வேண்டியது இன்னும் நடக்கவில்லை என்று பொருள். இங்கே பணம் கைக்கு வந்து பல நாள் ஆகிறது. பிளஸ் டூ மாணவி ஒருத்திக்கு இந்த வரியைச் சொல்லிக்கொடுத்தபோது, “அப்போ இன்னும் கட்டலையா சார்?” என்று கேட்டாள். கேட்ட கையோடு வரவேண்டிய தொகை என்று சொத்துப் பக்கத்தில் எழுதினாள். அவள்மேல் தப்பில்லை. சொல் அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

அமெரிக்காவில் ஒருவர் 2025 மார்ச் 1 அன்று 65 டாலர் கட்டி உறுப்பினர் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குள் நுழையும் உரிமை 12 மாதத்துக்கு. அதனால் கம்பெனி அந்த 65 டாலரையும் அன்றே வருமானமாக எழுதுவதில்லை, 12 மாதத்துக்கும் பிரித்து எழுதுகிறது. ஆகஸ்ட் 31 அன்று நிதியாண்டு முடிகிறது. ஆறு மாதம் ஓடிவிட்டது, 32.50 டாலர் வருமானம். மீதி 32.50 டாலருக்கு உறுப்பினருக்குச் சேவை பாக்கி இருக்கிறது. அதனால்தான் அது பொறுப்புப் பக்கம், அதாவது கம்பெனி பிறருக்குத் தர வேண்டியவற்றின் பக்கம்.

சின்னத் தொகை என்று நினைக்க வேண்டாம். 2024 நிதியாண்டின் முடிவில் இப்படி நின்றது சுமார் 250 கோடி டாலர். அந்த ஆண்டில் வருமானமாக எழுதிய கட்டணம் சுமார் 483 கோடி. இயக்க லாபமோ சுமார் 929 கோடி. சரக்கில் லாபத்தைக் குறைத்துக்கொண்டு கட்டணத்தில் நிமிர்கிற வியாபாரம் அது. 2024 செப்டம்பர் 1 முதல் கட்டணம் 60 டாலரிலிருந்து 65 ஆனதே, அந்த உயர்வு வருமானத்தில் முழுதாகத் தெரிய ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். புதுப்பிப்பவர்கள் வருவதற்கு ஓராண்டு, அவர்கள் கட்டியதைப் பிரித்து எழுத இன்னோர் ஆண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். இன்னும் ஈட்டாத சந்தா என்ற பொருளில் ‘ஈட்டாச் சந்தா’ என்று ஒருவர் சொன்னார். காதுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ‘வாராக் கடன்’ கணக்கியலில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. அது இனி வரவே வராத கடன். அதே வாய்ப்பாட்டில் ‘ஈட்டாச் சந்தா’ என்றால் ஈட்டவே முடியாத பணம் என்றுதான் மாணவர் படிப்பார்.

நம் பள்ளிப் பாடத்தில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்கில் ‘முன்கூட்டிப் பெற்ற சந்தா’ இருக்கிறது. மன்றத்துக்கும் நூலகத்துக்கும் எழுதும் அதே பதிவுதான் இங்கேயும். பொருள் அச்சாகப் பொருந்துகிறது, நீளம்தான் இடிக்கிறது. அதைச் சுருக்கி ‘முன்சந்தா’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ‘முன்’ என்றால் பழைய சந்தா என்று தோன்றாதா? முன்பணம், முன்பதிவு எல்லாம் யாரையும் குழப்பவில்லையே.

சந்தா பாரசீக வழி வந்த சொல் என்ற தடை எழும், தெரியும். சந்தாதாரர் என்று அஞ்சலட்டை எழுதிப் பழகிய தலைமுறைக்கு அது வீட்டுச் சொல். ‘முன்கட்டணம்’ என்று மாற்றினால் ஆண்டு முழுவதற்கும் உரிமை தருகிற கருத்து போய்விடுகிறது. அப்புறம், ‘deferred tax’ என்பதற்கு வழங்கும் ‘ஒத்திவைத்த வரி’ அப்படியே இருக்கட்டும். அங்கே கட்டுவது உண்மையிலேயே தள்ளிப்போகிறது.

அகரமுதலிக்கு என் வரைவு இது, திருத்துங்கள்:

முன்சந்தா: உறுப்பினரிடம் பெற்றுவிட்ட, ஆனால் காலம் இன்னும் கழியாததால் வருமானமாக எழுதாத கட்டணம். பொறுப்புப் பக்கம் வரும். மாதந்தோறும் குறையும்.

அன்புடன்.