அம்மாவின் புருவம்தான் முதலில் திரும்பியது

அம்மாவுக்குப் புற்றுநோய்க்கான கீமோ தொடங்கி மூன்றாவது வாரம், காலையில் தலையணை முழுக்க முடி. நான்கே நாளில் தலை மொட்டையாகிவிட்டது. அதற்கு மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தோம். புருவம் மட்டும் அப்படியே இருந்தது. "இதாவது நிக்குதே" என்று கண்ணாடி முன்னால் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வார். சிகிச்சை முடிகிற சமயத்தில் அதுவும் போனது, இமைமுடியும் போனது. தலை கொட்டியபோது அழாத அம்மா அன்று அழுதார். தலைக்குத் துணி கட்டிக்கொள்ளலாம், புருவத்துக்கு என்ன செய்வது?

நோய் முற்றிவிட்டதோ என்று பயந்துபோய் மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். தலையில் எப்போதும் நூற்றுக்கு 85, 90 முடி வளர்ந்தபடியே இருக்குமாம். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் இந்த மருந்து தாக்கும், அதனால் தலைமுடி மொத்தமாகக் கொட்டுகிறது. புருவத்தில் பெரும்பாலான முடி ஓய்வில் கிடக்கும். அதனதன் முறை வந்து வளரத் தொடங்கும்போதுதான் மருந்தில் மாட்டும்.

தலைமுடி ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை விடாமல் வளர்கிறது, மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. புருவமுடிக்குக் கிடைப்பது சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம். பிறகு நின்று, உதிர்ந்து, புதிது முளைக்கும். யாரும் வெட்டாமலே புருவம் அந்த அளவில் நிற்பது இதனால்தான். தினமும் பார்க்கிற முகம், எனக்கு ஒருநாளும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

கடைசி மருந்து ஏறி இரண்டு மாதத்தில் புருவம் முழுசாக வந்துவிட்டது. தலையில் அப்போது பூனைமுடி போல ஒரு படலம்தான். நேராக இருந்த முடி இப்போது சுருட்டையாக வளர்கிறது.

*

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் கதை வேறு மாதிரி. 26 வயதில் உச்சந்தலை தெரிய ஆரம்பித்தது, தாடியோ நாளுக்கு நாள் அடர்ந்தது. இரண்டுக்கும் ஒரே ஆண் ஹார்மோன்தான் காரணம் என்றபோது நம்பவே முடியவில்லை. தாடையில் பூனைமுடியைத் தடித்த முடியாக்குகிற அதுவே உச்சியில் மயிர்க்காலைச் சுருக்கிவிடுகிறது. பின்னந்தலை முடி அதற்கு அவ்வளவாக அசையாது. அங்கிருந்து எடுத்து முன்னால் நட்டாலும் பிறந்த இடத்துக் குணத்தை அது விடுவதில்லை என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதினார். முடி நடும் சிகிச்சையே அதை நம்பித்தான் நடக்கிறது. எனக்கு நட்டு ஆறு வருடம் ஆகிறது, நிற்கிறது.

*

முதலில் எழுதியவருக்கு: அக்காவுக்கு நேற்று மூன்றாவது கீமோ. புருவம் இன்னும் இருக்கிறது. இமைமுடி போனபோது அம்மாவுக்குக் கண்ணில் தொந்தரவு இருந்ததா?

*

இருந்தது. காற்றடித்தால் தூசி நேராக உள்ளே போய்விடும், கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். வெளியே போகும்போது பவர் இல்லாத கண்ணாடி போட்டுவிட்டோம், நிறையவே குறைந்தது. இன்னொன்று, அக்காவின் புருவம் இருக்கும்போதே நேர்முகமாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பென்சிலால் வரைய உட்கார்ந்தபோது வளைவு எங்கே தொடங்கும் என்று அம்மாவுக்கே நினைவில்லை.