அட்டைப்படத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் ஏன் இவ்வளவு தொலைவு?

கேள்வி: தகடூர் வாசகர், தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களை விட்டால், எங்கள் ஊரில் பலரும் இணையத்தில் பார்த்தே நூல்களை வாங்குகிறோம். கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வழியில்லாதபோது முன்னட்டையும் பின்னட்டைக் குறிப்பும்தான் எங்களுக்குத் துணை. அண்மையில் வாங்கிய நாவல் ஒன்று, பென்னாகரம் பக்கத்து மானாவாரி நிலத்தில் சாமையும் கேழ்வரகும் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அட்டையிலோ தென்னந்தோப்பும் வாய்க்காலும் நாற்று நடும் பெண்களும் இருக்கிறார்கள். பின்னட்டையில் ‘மண்ணின் மணம் கமழும் படைப்பு’ என்று எந்த நாவலுக்கும் பொருந்தக்கூடிய ஒரு வரி. அதற்கடுத்த வரியிலேயே, கடைசி அத்தியாயத்தில் வரும் மூத்த மகனின் மரணத்தையும் சொல்லிவிட்டார்கள். நல்ல எழுத்துக்கு இப்படி நேர்வது எதனால்?

பதில் 1: அட்டை வடிவமைப்பாளர், கிருஷ்ணகிரி

ஐயா, எங்களுக்குப் பெரும்பாலும் நூலின் மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழைதிருத்தும் படி, வருவதில்லை. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், முதுகின் அகலத்தைக் கணக்கிடுவதற்கான பக்க எண்ணிக்கை, இவ்வளவுதான் வரும். ‘கிராமத்துக் கதை’ என்று மட்டும் தெரிந்துகொண்டு இலவசப் படத் தொகுப்புகளில் தேடினால் பச்சை வயல்களே வந்து நிற்கும். பாறையும் கரடும் புளியமரமுமான நம் நிலத்தின் படம் எளிதில் அகப்படாது. பின்னட்டையின் நிலை இன்னும் வருத்தம் தருவது. அச்சுக்கு அனுப்பும் நேரத்தில்தான் அந்த இடம் காலியாக இருப்பதே கவனத்துக்கு வருகிறது. உடனே அணிந்துரையிலிருந்து சில வரிகளை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அணிந்துரை, கதையை முழுவதும் படித்தவர் எழுதியது. ஆகவே முடிவும் அதனோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ஓர் அத்தியாயத்தையாவது கேட்டு வாங்கிப் படித்த பிறகு நான் செய்த அட்டைகள் மட்டுமே எனக்கு நிறைவளித்திருக்கின்றன.

பதில் 2: வரலாற்று ஆசிரியை, ஊத்தங்கரை

வரலாற்று நூலில் இந்தப் பிழையின் விளைவு பெரிது. நம் பகுதி நடுகற்களைப் பற்றிய நூல் ஒன்றின் அட்டையில் உயர்ந்த கோயில் கோபுரம் இருந்ததைப் பார்த்தேன். ஆநிரை கவரும் பூசலிலும் மீட்கும் பூசலிலும் உயிர்விட்ட வீரனைப் பலகைக் கல்லில் ஆயுதத்தோடு செதுக்கி, மன்னனின் ஆட்சியாண்டையும் வீரனின் பெயரையும் வட்டெழுத்தில் பொறித்த கற்கள் இங்கே எத்தனையோ உண்டு. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குச் சென்றாலே காணலாம். மாணவர்கள் அந்தக் கோபுரத்தைத்தான் நடுகல்லோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். பின்னட்டைகளிலும் இதே குறைதான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. இந்த ஓர் எண்ணை அச்சிட்டாலே வாசகர் நூலைத் திறந்துவிடுவார்; அதை விட்டுவிட்டு ‘உலகையே வியக்க வைக்கும் தமிழர் பெருமை’ என்று எழுதுவதால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

பதில் 3: மொழிபெயர்ப்பு நூல்களின் வாசகர், ஓசூர்

ஆசிரியை அம்மா சொல்வதை வரலாற்று நூல்களைப் பொறுத்தவரை ஏற்கிறேன். ஆனால் நாவலின் அட்டை கதையைப் படமாகக் காட்டியே தீர வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் பெங்குயின் பதிப்பகம் 1935இல் தொடங்கிய மலிவு விலை நூல்களின் அட்டையில் கதைக்கான படமே கிடையாது. ஆரஞ்சு புனைவுக்கு, பச்சை துப்பறியும் கதைக்கு, அடர்நீலம் வாழ்க்கை வரலாற்றுக்கு என நிறமே வகையைச் சொல்லிவிடும். தமிழிலும் ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளும் கையெழுத்தும் தாங்கிய அட்டைகள் எதையும் விளக்காமலே நூலுக்கு உண்மையாக இருந்தன. பொருந்தாத படத்தைவிட வெறும் எழுத்து மேல்.

பின்னட்டையில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. கதை எங்கே, எக்காலத்தில், யாரைச் சுற்றித் தொடங்குகிறது என்பதும், மொழிபெயர்ப்பாயின் மூலமொழியும் மூலநூல் வெளிவந்த ஆண்டும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் அங்கே இருக்க வேண்டும். தொடக்க அத்தியாயங்களைத் தாண்டிய நிகழ்ச்சி எதுவும் வரக் கூடாது.

தகடூர் நண்பரே, அந்த நாவலின் பதிப்பாளருக்குத் தவறாமல் எழுதுங்கள். மறுபதிப்பில் அட்டையை மாற்றுவது வழக்கத்தில் உள்ளதுதான். நிலத்தை விவரிக்கும் பக்கம் ஒன்றையும், பென்னாகரம் பக்கத்தில் நீங்களே எடுத்த சாமைக் கொல்லையின் படம் ஒன்றையும் கடிதத்தோடு இணைத்து அனுப்பினால் வடிவமைப்பாளருக்கும் உதவியாக இருக்கும்.